பிப்ரவரியில் நின்றுபோகும் வேத வாசிப்பு

கேள்வி: ஒவ்வொரு வருஷமும் புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்ததும் ஆதியாகமத்தில் ஆரம்பிக்கிறேன். லேவியராகமம் வந்ததும் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு தினமும் ஒரு வாக்குத்தத்த வசனத்தோடு சரி. காலையில் படித்தது ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் மறந்துபோகிறது. வேதத்தை ஒழுங்காக வாசிப்பது எப்படி? வாசித்ததைக் கைக்கொள்வது எப்படி?

பதில்:

சகோதரி, உங்கள் பக்தியில் குறை வந்து நின்றுபோகவில்லை. கணக்கு போட்டுப் பார்த்தாலே ஏன் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள்; பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. வருஷத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் நாளுக்கு 3, ஞாயிற்றுக்கிழமை 5 என்பது சபைகளில் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. ஞாயிறு கூடுதலை விட்டுவிட்டு வெறும் மூன்று மூன்றாகப் போனாலும், ஜனவரி 17ல் ஆதியாகமம் முடிந்துவிடும். அதுவரை கதை தானாக இழுத்துக்கொண்டு போகும். 25ஆம் தேதி யாத்திராகமம் 25ஆம் அதிகாரம், ஆசரிப்புக்கூடாரத்தின் முழ அளவுகள். 31ஆம் தேதி லேவியராகமம், பலி முறைகளும் சுத்தம் அசுத்த விதிகளும். யாத்திராகமம் 19ல் சீனாய் மலையடிவாரத்துக்கு வந்து சேரும் இஸ்ரவேலர், எண்ணாகமம் 10ல்தான் அங்கிருந்து புறப்படுகிறார்கள். கிட்டத்தட்ட 60 அதிகாரம், உங்கள் வேகத்தில் 20 நாள், பாளயம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுவில் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் விட்டுப்போனால் ஆறு அதிகாரம் பாக்கி விழும். மூன்றாம் நாள் ஒன்பது படிக்க உட்கார்ந்தால் கண் ஓடும், மனம் ஓடாது. நான்காம் நாள் புத்தகத்தைத் திறக்கவே கூச்சமாக இருக்கும். வாசிப்பைக் கொல்வது லேவியராகமம் இல்லை, இந்தப் பாக்கிக் கணக்குதான்.

அதனால் முதல் வருஷத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்க நினைக்காதீர்கள். புதிய ஏற்பாடு மட்டும் போதும். 260 அதிகாரம், 52 வாரம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று என்றால் சரியாக முடியும். சனிக்கிழமை விட்டுப்போனதற்கு. ஞாயிறு ஆராதனையில் வாசித்த பாடத்தை மத்தியானம் வீட்டில் இன்னொரு முறை வாசியுங்கள், அது போதும். ஒரு வாரத்தில் இரண்டுக்கு மேல் விட்டுப்போனால் அதைத் துரத்தாதீர்கள். விட்டதை விட்டுவிட்டு அன்றைய அதிகாரத்துக்குப் போய்விடுங்கள். விட்ட இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம்.

மத்தேயுவில் தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மாற்கு 16 அதிகாரந்தான், வேகமாக நகரும். அடுத்து லூக்காவும் அப்போஸ்தலரும். இரண்டும் தெயோப்பிலு என்ற ஒரே ஆளுக்கு எழுதப்பட்டவை, சேர்த்து வாசித்தால் ஒரே கதையின் இரண்டு பாகங்கள். பிறகு மத்தேயு, யோவான், அடுத்து நிருபங்கள் (கடிதங்கள்), கடைசியில் வெளிப்படுத்தின விசேஷம். இரவு படுக்குமுன் ஒரு சங்கீதம். 150 சங்கீதங்களையும் வருஷத்தில் இரண்டு முறை சுற்றிவரலாம், தவறுகிற இரவுகளுக்கும் இடம் இருக்கும். 119ஆம் சங்கீதத்தை மட்டும் ஒரே இரவில் வாசிக்க வேண்டாம். 176 வசனம், எட்டெட்டாக 22 பகுதி. அதை 22 இரவுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருஷத்தில் பழைய ஏற்பாட்டின் முதுகெலும்பை மட்டும் எடுங்கள்: ஆதியாகமம், யாத்திராகமம், எண்ணாகமம், யோசுவா, நியாயாதிபதிகள், சாமுவேலின் இரண்டு புத்தகங்கள், இராஜாக்களின் இரண்டு புத்தகங்கள், எஸ்றா, நெகேமியா. மொத்தம் 296 அதிகாரம். வாரத்துக்கு ஆறு என்றால் 50 வாரம். இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் தீர்க்கதரிசிகள் அந்தரத்தில் தொங்க மாட்டார்கள். எசேக்கியா ராஜா வரும்போது ஏசாயா, எருசலேம் விழும்போது எரேமியா, ஆலயத்தைத் திரும்பக் கட்டும்போது ஆகாய், சகரியா என்று மூன்றாம் வருஷத்தில் அவரவர் இடத்தில் போய் உட்காருவார்கள். லேவியராகமத்துக்கும் அப்போது வரலாம்.

இனி அன்றாடம். 25 நிமிடம் போதும். எந்த நேரம் என்பதைவிட எதற்கு அடுத்து என்பது முக்கியம். காபி குடித்து முடித்த கையோடு, அல்லது பிள்ளைகள் ஸ்கூல் வேன் ஏறின பிறகு என்று ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தோடு கட்டிவிடுங்கள். இரண்டு நிமிடம் ஜெபம். பிறகு அதிகாரத்தை வாய்விட்டு வாசியுங்கள், முணுமுணுப்பாக இருந்தாலும் சரி. நடுத்தர நீளமுள்ள அதிகாரத்துக்கு ஆறேழு நிமிடம் ஆகும். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய வசனங்களைக் கண் தாண்டிக்கொண்டு போய்விடும், நாக்கு தாண்டாது. ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு, திரும்ப ஒரு முறை மனதுக்குள் வாசியுங்கள். மீதி நேரம் எழுதவும் ஜெபிக்கவும்.

அச்சுப் புத்தகமே நல்லது. செல்போனில்தான் முடியும் என்றால் முதலில் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப் வந்தால் அன்றைய வாசிப்பு அவ்வளவுதான். சமைக்கும்போது ஆடியோ வேதாகமம் கேட்பது நல்ல பழக்கம். ஆனால் அது தொட்டுக்கொள்ள மட்டும், சோறு ஆகாது. மஞ்சள் மார்க்கரை எடுத்து வைத்துவிடுங்கள். பிடித்த வசனங்களுக்கு மட்டும் மஞ்சள் பூசினால் அடுத்த வருஷம் கண் மஞ்சளிலேயே தாவித் தாவிப் போகும். பென்சில் போதும், புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி.

கேள்விக்குறி நிறைய விழும், ஏனென்றால் நம் பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ். 'கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்' என்கிறது யோவான் 14:15. கற்பனை என்றால் அங்கே கட்டளை. இன்றைய பிள்ளைக்கு அது மனதில் ஓடும் படம். 1 பேதுரு 5:7ல் 'அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்' என்று வருவதில் போலீஸ் விசாரணை எதுவும் இல்லை, அக்கறையோடு பார்த்துக்கொள்கிறவர் என்று பொருள். 1 பேதுரு 3:15ல் 'உத்தரவு சொல்ல' என்றால் பதில் சொல்ல. ஆக்கினை தண்டனை, உக்கிராணக்காரன் வீட்டுப் பொறுப்பைக் கவனிப்பவன். பக்கத்தில் 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, சந்தேகம் வந்த வசனத்தை மட்டும் அதில் பாருங்கள். முழுவதையும் இரண்டிலும் வாசிக்க உட்கார்ந்தால் நேரம் போதாது.

அதே பழைய தமிழ் இன்றைய ஆங்கிலத்தில் கிடைக்காத ஒன்றையும் தருகிறது: நீ, நீங்கள். லூக்கா 22:31, 32ஐ எடுத்துப் பாருங்கள். 'கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான்' என்று பன்மை. அடுத்த வரியில் 'உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்' என்று ஒருமை. புடைக்கப்படப்போவது சீஷர் எல்லாரும். விசேஷமாக வேண்டிக்கொண்டது பேதுருவுக்காக. (இங்கே 'உத்தரவு' அனுமதி. ஒரே சொல், இடத்துக்கு ஒரு பொருள்.) வாசிக்கும்போது ஒவ்வொரு 'உங்கள்' மேலும் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கென்று தனியாகச் சொன்னதாக நாம் எடுத்துக்கொள்ளும் பல வசனங்கள் ஒரு சபைக்கோ ஒரு ஜனத்துக்கோ சொன்னவை.

அதிகார எண்ணையும் வசன எண்ணையும் அதிகமாக நம்ப வேண்டாம். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் கான்டர்பரி பேராயர் ஸ்டீபன் லாங்டன் செய்தது. புதிய ஏற்பாட்டு வசன எண்கள் பிரெஞ்சு அச்சாளர் ராபர்ட் எஸ்தியென் 1551ல் அச்சிட்ட பதிப்பிலிருந்து வந்தவை. தேட வசதி, ஆனால் சில இடங்களில் வாக்கியத்தின் கழுத்தில் வெட்டியிருக்கிறது. கொலோசெயர் 3ஆம் அதிகாரம் வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதோடு முடிகிறது. எஜமான்கள் வேலைக்காரருக்கு 'நீதியும் செவ்வையுமானதை' செய்ய வேண்டும் என்ற மறுபாதி 4:1ல் கிடக்கிறது. நாளுக்கு ஓர் அதிகாரம் என்று மூடிவைக்கிறவருக்கு அன்றைக்குப் பாதி மட்டுமே கிடைக்கும், அதுவும் முதலாளிக்கு வசதியான பாதி. அடுத்த அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களையும் எட்டிப் பார்த்துவிட்டு மூடுவது நல்ல வழக்கம்.

இப்போது வாக்குத்தத்த அட்டை, புத்தாண்டு ஆராதனையில் வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்டுக் கொடுப்பது. நம் ஊர்ச் சபைகளில் அதிகமாகக் கையில் வருவது எரேமியா 29:11. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' விசா, வேலை, பெண் கல்யாணம் எல்லாவற்றுக்கும் இதுதான். அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதின கடிதம் அது. 28ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தால் கதை திரும்பும். அங்கே அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாகச் சொல்கிறான். கேட்க இனிப்பான வாக்கு, ஆனால் பொய். எரேமியாவின் கடிதமோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. ஆக, 29:11ஐ எடுத்து 'இந்த வருஷமே எல்லாம் மாறிவிடும்' என்று சொல்கிறவர் எரேமியாவின் வசனத்தில் அனனியாவின் செய்தியைச் சொல்கிறார். பிடிக்காத ஊருக்கு மாற்றல் ஆகி வந்து, பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்காமல் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அந்த அதிகாரம் நேராகப் பேசும். பெட்டியைப் பிரி, பக்கத்து வீட்டாரைத் தெரிந்துகொள், இந்த ஊருக்காக ஜெபம் பண்ணு.

பரீட்சை ஹால் டிக்கெட்டோடு போகும் பிலிப்பியர் 4:13ம் ('எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு') இப்படித்தான். முந்தின இரண்டு வசனங்களில் பவுல் பேசுவது வயிறு நிறைந்தாலும் பட்டினி கிடந்தாலும் மனரம்மியமாக இருப்பதைப் பற்றி. அந்த நிருபத்தை ஒரு வாரம் முழுவதும், தினமும் மொத்தமாக வாசித்துப் பாருங்கள். நான்கு அதிகாரம், 104 வசனம், வாய்விட்டு வாசித்தாலும் அரை மணிக்குள் முடியும். மூன்றாம் நாளில் எழுதியவர் காவலில் இருப்பது உறைக்கும். ஐந்தாம் நாளில் இன்னொன்று தெரியும்: 'ஒன்றுக்குங் கவலைப்படாமல்' என்ற வசனத்துக்கு நாலு வசனம் முன்னால் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களுக்கு ஒரே சிந்தையாயிருக்கும்படி புத்திசொல்கிறார். சபைக்குள் மனம் ஒத்துப்போகாத இரண்டு பேர். சாந்தகுணம், கவலை, சமாதானம் எல்லாம் அந்த மனஸ்தாபத்தைத் தொட்டுக்கொண்டே வருகிறது. ஒரு வசனத்தைக் கிள்ளி எடுத்தால் இது கண்ணில் படாது.

கைக்கொள்வதற்கு வருவோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, பகுதி, பிறகு மூன்றே வரி. முதல் வரி: இங்கே யார் யாரிடம் என்ன சொல்கிறார். இரண்டாவது: தேவனைப் பற்றி இதில் என்ன தெரிகிறது. மூன்றாவது: நான் யாருக்கு, என்ன, எப்போது. மூன்றாம் வரியில் ஒரு பெயரும் ஒரு நேரமும் இல்லை என்றால் அது இன்னும் எழுதப்படவில்லை. 'இன்னும் அன்பாயிருப்பேன்' என்று எழுதினால் மறுநாள் அதைச் சரிபார்க்க முடியாது. 'இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் பெரியம்மாவுக்குப் போன் பண்ணுவேன்' என்றால் முடியும். மறுநாள் புதிய பகுதியைத் திறக்கும் முன் நேற்றைய மூன்றாம் வரிக்குப் பக்கத்தில் டிக் அல்லது பெருக்கல் குறி. மூன்று நாள் தொடர்ந்து பெருக்கல் விழுந்தால் புதிய அதிகாரம் வேண்டாம். அந்தப் பழைய வரியிலேயே நில்லுங்கள். எல்லா நாளும் செயல் ஒன்று கிடைக்காது. வம்சவரலாறு வாசித்த அன்றைக்கு வலுக்கட்டாயமாக ஒன்றைப் பிதுக்கி எடுக்க வேண்டாம், இரண்டாவது வரியோடு ஸ்தோத்திரம் சொல்லி எழுந்திருங்கள். வாரத்துக்கு இரண்டு, மூன்று டிக் விழுந்தால் நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

ஆபீஸ் போவதற்குள் மறப்பதற்கு இதுவே பாதி மருந்து. மீதிக்கு, அந்த மூன்றாம் வரியைத் துண்டுச் சீட்டில் எழுதி டிபன் பாக்ஸ் பையில் போடுங்கள். மத்தியானம் பை திறக்கும்போது கையில் வரும்.

எப்படிப்பட்ட செயல்? யாக்கோபு 2ல் பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடம், ஏழைக்கு நிற்க இடம் என்று வருகிறது. நம் வீட்டில் வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் இருந்தால் அந்த அதிகாரம் சமையலறை அலமாரியைப் பற்றியது. நாளைக் காலை முதல் ஒரே டம்ளர். வரன் தேடும் விளம்பரத்தில் 'கிறிஸ்தவ' என்ற சொல்லுக்கு அடுத்து ஜாதிப் பெயர் போடும் நம் வழக்கமும் அங்கேதான் மாட்டும். பிரசங்கத்தில் இது குறைவாகவே கேட்கும். மத்தேயு 5:23, 24ஐக் கவனமாக வாசியுங்கள்: உனக்கு உன் சகோதரன்மேல் குறை உண்டென்று அல்ல, உன்பேரில் அவனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் முதலில் போய் ஒப்புரவாக வேண்டும். நற்கருணை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை இதற்கு நல்ல நாள். ரோமர் 13:8 கடனைப் பற்றி. தோழியிடம் கைமாற்றாக வாங்கிய 2000 ரூபாயைச் சம்பள நாளில் முதல் செலவாகக் கொடுத்துவிடுவது தியானத்தின் பகுதிதான்.

தவறு நேரும் இடங்கள் சில உண்டு. வாசிக்கும்போது 'இது என் மாமியாருக்குச் சரியான வசனம்' என்று தோன்றினால் அந்த வசனத்தை உங்களுக்கே திரும்ப வாசியுங்கள். நடந்த சம்பவத்தைக் கட்டளையாக எடுக்காதீர்கள். கிதியோன் மயிருள்ள தோலைப் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்யட்டும் என்று அடையாளம் கேட்டான் என்று நாமும் கல்யாணக் காரியத்தில் 'மூன்று நாளில் போன் வந்தால் தேவசித்தம்' என்று போட்டுப் பார்க்கிறோம். நியாயாதிபதிகள் 6ல் தேவன் அவனுக்கு ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியாகிவிட்டது. அவன் கேட்டது சந்தேகத்தினால். நீதிமொழிகளை ஒப்பந்தப் பத்திரம்போல வாசிப்பது இன்னொன்று. பிள்ளையை நல்வழியில் நடத்தினால் முதிர்வயதிலும் விடமாட்டான் என்ற 22:6ஐ வைத்துக்கொண்டு, பிள்ளை வழிமாறிப் போன பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். 26:4 மூடனுக்கு மறுஉத்தரவு (பதில்) கொடாதே என்கிறது, 26:5 கொடு என்கிறது. அடுத்தடுத்து வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். எந்த நேரத்தில் எது என்று பார்ப்பதுதான் ஞானம். பெரும்பாலும் இப்படி நடக்கும் என்பது நீதிமொழி, எப்போதும் நடக்கும் என்ற உறுதிமொழி வேறு. சுகத்தைப் பற்றிய வசனத்தை வைத்து பி.பி., சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுலே மருந்துபோலக் கொஞ்சம் திராட்சரசம் சொல்லியிருக்கிறார், 1 தீமோத்தேயு 5:23.

லேவியராகமத்துக்குத் திரும்பும்போது ஒரு வரைபடத்தோடு போங்கள். 1 முதல் 7 பலிகள், 8 முதல் 10 ஆசாரியர், 11 முதல் 15 சுத்தம் அசுத்தம், 16 பாவநிவிர்த்தி நாள், மீதி பரிசுத்தமாக வாழ்வது. பலிகளை வாசிக்கும்போது விலையைக் கவனியுங்கள்: காளை முடியாதவனுக்கு ஆடு, ஆடு முடியாதவனுக்குப் புறா, 5:11ல் புறாவும் முடியாதவனுக்குக் கொஞ்சம் மெல்லிய மாவு. 12:8ல் பிள்ளை பெற்ற ஏழைத் தாய்க்குச் சொன்ன அந்த ஜோடிப் பறவைகளோடுதான் லூக்கா 2:24ல் மரியாள் எருசலேமுக்கு வருகிறாள். எதை இன்று கைக்கொள்வது என்ற கேள்விக்குப் புதிய ஏற்பாடு அதை என்ன செய்தது என்று பாருங்கள். பலிகள் எபிரெயர் 9, 10ல் கிறிஸ்துவில் நிறைவேறிவிட்டன. உணவு விலக்குகள் மாற்கு 7லும் அப்போஸ்தலர் 10லும் தளர்ந்துவிட்டன. 19:18ன் பிறனிடத்து அன்பை இயேசுவும் பவுலும் யாக்கோபும் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்கிறார்கள். அதே 19ஆம் அதிகாரத்தில் கூலியை மறுநாள் காலைவரை வைத்துக்கொள்ளாதே, செவிடனை நிந்திக்காதே, படியிலும் தராசிலும் அநியாயம் செய்யாதே என்று வரிசையாக வரும். ஒரு மாதத்துக்கு வேண்டிய மூன்றாம் வரிகள் அந்த ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன.

வீட்டில் குடும்ப ஜெபம் உண்டென்றால் உங்கள் தனி வாசிப்பை அங்கே கொண்டுபோய்ப் பிரசங்கம் ஆக்காதீர்கள். பதினைந்து வசனம், ஆளுக்கு ஒன்றாக, பத்து நிமிடத்துக்குள். பிள்ளைகளிடம் 'இதில் உனக்கு என்ன பாடம்' என்று கேட்டால் 'பொய் சொல்லக் கூடாது' என்று மனப்பாடமாக ஒரு பதில் வரும். 'யார் யாருக்கு என்ன பண்ணினார், அவர் ஏன் அப்படிப் பண்ணியிருப்பார்' என்று கேளுங்கள்.

அடுத்த புத்தாண்டு ஆராதனையில் அட்டையை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பின்புறத்தில் மூன்று எண் எழுதுங்கள்: அந்த வசனம் இருக்கும் அதிகாரம், அதற்கு முந்தினது, பிந்தினது. ஜனவரி முதல் வாரத்துக்கு அந்த மூன்றுதான் வாசிப்பு. இரண்டாம் வாரம் திங்கட்கிழமை மாற்கு 1.